துவக்கும் தோற்கயிறும்



கண்டி வீதி வழியாக யாழ்ப்பாணக் குடாநாட்டிற்குள் வருவோர் ஆனையிறவைக் கடந்தே வருகின்றனர். இருமருங்கும் ஆழமற்ற உப்புநீர்ப் பரப்பு. நடுவே வீதியும் புகையிரதப் பாதையும். அப்பெயரைக் கேட்டவுடன் நம்மிற் பலருக்கு நினைவில் எழுவது உப்பளம். அடுத்து எழுவது போர். பெயரின் தலையிலேயே நிற்கின்ற ஆனையை நினைப்பவர் மிகச் சிலரே. வன்னிக் காட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட யானைகள் நீரில் இறங்கிக் கடந்த துறை அது. குடாநாட்டிலே தோட்டமும் வயலும் பனந்தோப்பும் உண்டு. யானை வாழ்வதற்குரிய பெருங்காடு இல்லை. ஆகவே விற்பனைக்காக இத்துறையைக் கடந்த யானை ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு வேட்டை இருந்தது. அவ்வேட்டை எத்தகையது, அதைச் செய்தவர் யாவர், அதன் பின்னர் இந்நாட்டுக்கு வந்த வேறொரு வகை வேட்டைக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை யாது என்பவற்றையே இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன்.

யானை வணிகம் ஐரோப்பியர் தொடக்கிவைத்த ஒன்றன்று. யாழ்ப்பாணத்துத் தமிழரசர் காலத்திலேயே முத்தும் யானையும் இந்நாட்டின் பெருஞ்செல்வங்களாக மதிக்கப்பட்டன. 1619 ஆம் ஆண்டில் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர், அதற்கு முன்னரே அவ்வரசரிடம் யானைகளைத் திறையாகக் கேட்டுப் பெற்று வந்தனர். ஊர்காவற்றுறைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் கயிற்ஸ் என்னும் பெயர், யானைத்துறை எனப் பொருள்படும் போர்த்துக்கேயத் தொடரொன்றின் சிதைவு என்பர். 1658 இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் வசமாயிற்று. அவர்கள் வன்னித் தலைவர்கள்மீது விதித்த திறையும் யானையாகவே இருந்தது. திறை முழுமையாகச் செலுத்தப்படாமல் நிலுவையாகத் தேங்குவதும், அதன்பொருட்டு மனத்தாங்கல் விளைவதும் வழக்கமாயின. கோல்கொண்டா, வங்காளம் முதலிய இடங்களிலிருந்து வணிகர்கள் யாழ்ப்பாணத்துக்கு வந்து, யானையின் உயரத்தை முழக்கணக்கில் அளந்து, அதற்கேற்ற விலை கொடுத்து வாங்கிச் சென்றனர். 1697 இல் யாழ்ப்பாணத்து ஒல்லாந்தத் தளபதியாயிருந்த ஹென்றிக் சுவார்டகுறோன் எழுதிவைத்த நிருவாகக் குறிப்பிலே யானை வணிகம் பற்றிய செய்திகள் விரிவாக இடம்பெற்றிருக்கின்றன. ஓர் ஆட்சியாளர் தமக்குப் பின் வருவோர்க்குக் குறித்துவைக்கும் அளவுக்கு அது பெரிய வருவாய்.

இங்கே ஒரு செய்தியை நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். ஆபிரிக்க யானையிலே ஆணுக்கும் பெண்ணுக்கும் தந்தம் உண்டு. இலங்கை யானையிலோ பெண்ணுக்கு வெளித்தோன்றும் பெருந்தந்தம் இல்லை. ஆண் யானைகளிலும் நூற்றுக்குப் பத்துக்குக் குறைவானவையே தந்தமுடையவை. இயற்கை செய்த இந்த வேற்றுமை இரு நிலங்களின் வேட்டையையும் இரு வேறு வழிகளிற் செலுத்திவிட்டது. ஆபிரிக்காவிலே விலை தந்தத்தில் இருந்தது. ஆகவே யானை சாகவேண்டியதாயிற்று. வன்னியிலே விலை யானையின் தோளுயரத்தில் இருந்தது. ஆகவே யானை உயிரோடு இருக்கவேண்டியதாயிற்று. இறந்துபோன யானையைக் கோல்கொண்டாவிலிருந்து வந்த வணிகன் ஏறிட்டும் பாரான். பிடிக்கும்போது ஓர் எலும்பு முறிந்தாலும் வேட்டைக்காரனின் முழு முயற்சியும் பாழ். கொல்வதற்குரிய திறமை ஒன்று. கொல்லாமற் பிடிப்பதற்குரிய திறமை வேறொன்று. இரண்டாவது திறமையிலே தலைசிறந்து விளங்கியவர்கள் பணிக்கர் எனப்பட்டோர்.

பணிக்கர் இத்தீவின் வடக்கிலும் வடகிழக்கிலும் இருந்த சோனக ஊர்களில் வாழ்ந்தவர்கள். 1845 முதல் 1850 வரை இலங்கை அரசாங்கத்தின் குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த சேர் எமர்சன் தெனன்ற் அவர்கள், 1859 இல் வெளியிட்ட தமது இலங்கை பற்றிய பெருநூலிலே இவர்களின் தொழிலை வியந்து விரித்துரைக்கின்றார். இருவர் மட்டுமே சேர்ந்து, வேறெவர் துணையுமின்றி, ஒரு காட்டு யானையைப் பிடிக்க முன்வருவர் என்றும், அவர்கள் கையிலிருந்த ஒரே கருவி மரைத்தோலாலோ எருமைத்தோலாலோ முறுக்கிய வளையுந்தன்மையுள்ள கயிறே என்றும் அவர் எழுதுகின்றார். துவக்கில்லை, ஈட்டியில்லை, குதிரையில்லை. அத்தகைய வேட்டையின் ஒரு நாளைச் சற்று மனக்கண்ணாற் பார்ப்போம்.

நாள் தொடங்குவது குளக்கரையில். வன்னியிலே கோடை முற்றிய காலத்தில் சிறு நீர்நிலைகள் வற்றிவிடும். எஞ்சிய குளங்களை நாடி யானைகள் இரவிலே வரும். விடியற்காலையில் ஈரச் சேற்றைப் பார்த்தால் இரவு வந்துபோனவர்களின் வருகைப் பதிவேடு அங்கே விரிந்து கிடக்கும். முன்காற் சுவட்டின் சுற்றளவை ஒரு கொடியால் அளந்து இரட்டித்தால், யானையின் தோளுயரம் ஏறக்குறையக் கிடைத்துவிடும். இஃது இக்கால விலங்கியலாரும் ஒப்புக்கொண்ட கணக்கு. யானையைக் காணுமுன்னரே அதன் விலையை மதிப்பிடக்கூடிய நிலை அது. சுவட்டின் விளிம்பு கூர்மையாக நிற்கின்றதா, உலர்ந்து சரிந்திருக்கின்றதா, அதன் குறுக்கே சிலந்தி இழை ஓடியிருக்கின்றதா, இலத்தியின் உள்ளே சூடு உண்டா, முறிந்த கிளையிலே பால் வடிகின்றதா என்பவையெல்லாம் யானை போய் எத்தனை நாழிகை ஆயிற்று என்பதைச் சொல்லும்.

பின்னர் நடை. நடை என்று சொல்வது எளிது. வன்னிக் காடு நிழல் நிறைந்த சோலையன்று. பாலையும் முதிரையும் வீரையும் உயர்ந்து நின்றாலும், அவற்றின் கீழே சூரையும் காரையும் ஈச்சும் பின்னிக் கிடக்கும். யானை அதனைத் தன் உடம்பாற் பிளந்துகொண்டு போய்விடும். பின்தொடரும் மனிதனோ முள்ளுக்குத் தன் தோலைக் கொடுத்தே போகவேண்டும். யானை மெல்ல நடப்பதுபோலத் தோன்றினும் அதன் ஓரடி மனிதனுக்கு ஈரடி. உலர்ந்த நிலத்திலே சுவடு மறைந்துவிடும்போது, புரண்ட ஒரு சருகையும் சாய்ந்த ஒரு புல்லையும் கொண்டு வழியை மீட்கவேண்டும். பிறர் கண்ணுக்குப் புலனாகாத இத்தகைய அடையாளங்களைக் கொண்டு அவர்கள் விரைந்து சென்றனர் என்பதைத் தெனன்ற் வியப்போடு குறிக்கின்றார். கையிலே கொண்டுபோகும் நீரும் உணவும் சிறிதே. தோற்கயிற்றின் சுமையே போதும்.

மைல்கள் பல கடந்தபின்பு யானை அண்மையில் இருப்பது தெரியவரும். அதன்மேல் நடை போதாது, மூச்சையும் அடக்கவேண்டும். யானையின் கண்பார்வை கூர்மையானதன்று. மோப்பமோ மிகமிகக் கூர்மையானது. காற்று எத்திசையிலிருந்து வருகின்றது என்பதை அறிந்து, அதற்கு எதிராகவே அணுகவேண்டும். சிறிது மணலையோ சாம்பலையோ விரலிடையே உதிர்த்துப் பார்த்துத் திசையறிவது பழைய வேட்டைக்காரர் வழக்கம். காற்றுத் திசைமாறினால் அரைநாள் உழைப்பும் அந்த நொடியிலேயே வீண். மறுபடியும் ஒரு பெருவளையம் சுற்றிவரவேண்டும்.

நண்பகல் வெயிலிலே யானை மரநிழலில் ஒதுங்கி நின்று இளைப்பாறும். மனிதனுக்கு மிகக் கொடிய அந்த வேளையே வேட்டைக்கு உகந்த வேளை. நிற்கும் யானை ஒரு காலைத் தூக்கி மெல்ல ஆட்டிக்கொண்டிருப்பதுண்டு. பணிக்கன் ஒருவன் பின்புறமாகத் தவழ்ந்து சென்று, பின்னங்கால் நிலத்தைவிட்டு எழும் அந்தக் கணத்திலே சுருக்கினை மாட்டிவிடுவான். மற்றவன் கயிற்றின் மறுமுனையை அண்மையிலுள்ள பெருமரத்தைச் சுற்றி இறுக்குவான். மரத்தை முன்னரே தேர்ந்து வைத்திருக்கவேண்டும். கயிறு எட்டாத மரமும் வலுவில்லாத மரமும் உயிருக்கு உலை வைத்துவிடும். யானை சினந்து பாயும், கயிறு இழுக்கும், அது திரும்பித் தன்னைக் கட்டியவனை நாடும். அப்பொழுது ஒருவன் அதன் முன்னே நின்று “தா! தா!” என்று குரலெழுப்பி அதன் கருத்தைத் தன்பால் ஈர்ப்பான். அந்த இடைவேளையில் மற்றவன் அடுத்த காலுக்குச் சுருக்கு வீசுவான். முன்னே நிற்பவனுடைய உயிர் பின்னே நிற்பவனின் விரல்களில் இருக்கும். பின்னே நிற்பவனின் உயிர் முன்னே நிற்பவனின் குரலில் இருக்கும். ஓடிப் பிழைக்கலாம் என்று எண்ணுவதற்கில்லை. யானையின் ஓட்டத்தை மனிதனின் ஓட்டம் வெல்லாது.

இவ்வளவோடு வேட்டை முடிந்துவிட்டது என எண்ணாதீர்கள். கட்டப்பட்ட யானைக்கு வெயில் தாக்காதபடி இலைப்பந்தர் இடுவார்கள். எதிரே தாமும் குடிசை கட்டி, தீமூட்டி, இரவும் பகலும் அங்கேயே தங்கியிருப்பார்கள். தீயும் புகையும் அச்சமூட்டும். உணவும் நீரும் நம்பிக்கையூட்டும். வாரக்கணக்கான இப்பழக்கத்தின் பின்னரே கடற்கரை நோக்கிய பயணம் தொடங்கும். அந்தப் பயணமே தொழிலின் மிகக் கடினமான பகுதி என்பர். முழுதும் பணியாத யானையை இழுத்துச் செல்ல மனித வலிமை போதாது. ஆகவே அதன் சினத்தையே அவர்கள் கருவியாக்கினர். ஒருவன் முன்னே நின்று அதனைச் சினமூட்ட, அது அவனைத் துரத்தி முன்னேறும். பின்னே கயிறு பிடித்தோர் அளவறிந்து தளர்த்துவர். துரத்துகின்றோம் என்றெண்ணி யானை நடக்கும். நடத்துகின்றோம் என்றறிந்து மனிதர் ஓடுவர். இவ்வாறு நாட்கணக்காகக் காட்டைக் கடந்து மன்னாருக்கோ, ஆனையிறவைத் தாண்டி, அங்கிருந்து முப்பது மைலுக்கு மேல் நடந்து யாழ்ப்பாணத்துக்கோ கொண்டுவருதல் எத்துணைப் பெரிய உழைப்பு என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இனி, மற்றொரு வேட்டையைப் பார்ப்போம். 1795 இல் யாழ்ப்பாணம் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. 1815 இல் கண்டி இராச்சியமும் அவர்கள் வசமாயிற்று. மலைநாட்டிலே காடழித்துக் கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. படை அதிகாரிகளும் தோட்டத் துரைமாரும் ஓய்வுப்பொழுதைப் போக்க யானை வேட்டையாடினர். அவர்களுள் மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்பவர் 1,400 யானைகளுக்கு மேல் சுட்டுக் கொன்றார் எனத் தெனன்ற் எழுதுகின்றார். 1845 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அப்புத்தளையில் இடிவிழுந்து அவர் இறந்தார். 1,400 என்பது எவ்வளவு பெரிய தொகை என்பதை அறிய ஓர் ஒப்பு நோக்குவோம். 2011 இல் எடுக்கப்பட்ட கணக்கின்படி இத்தீவு முழுவதிலும் காட்டில் வாழ்ந்த யானைகள் 5,879. அத்தொகையின் ஏறக்குறைய நாலிலொரு பங்கை ஒத்த எண்ணிக்கையை ஒரு மனிதர் தம் துவக்கொன்றினாலேயே முடித்திருக்கின்றார்.

துவக்கு வேட்டைக்காரர் அனைவரும் உடலுழைப்புக்கு அஞ்சியவர்கள் என்று சொல்வது நியாயமாகாது. சாமுவேல் பேக்கரை எடுத்துக்கொள்வோம். 1821 இல் இங்கிலாந்திற் பிறந்த இவர், 1848 இல் நுவரெலியாவிற் குடியேறி, 1855 வரை அங்கே வாழ்ந்தார். ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட அம்மலைகளிலும் ஏழாயிரம் அடி உயரத்திலுள்ள ஹோட்டன் சமவெளியிலும் மரை வேட்டையே அவரது பெரும் பொழுதுபோக்கு. விடியற்காலைக் கடுங்குளிரில் வேட்டைநாய்களை அவிழ்த்துவிடுவார். நாய்கள் மோப்பம் பிடித்து மலைச்சரிவிலே மறைந்துவிடும். அதன்பின் அவருக்குத் துணை காதுதான். தூரத்துக் குரைப்பொலி ஒன்றையே வழிகாட்டியாகக் கொண்டு, சிங்களத்தில் நெலு என வழங்கும் குறிஞ்சியினச் செடிகள் தலைக்குமேல் அடர்ந்த சரிவுகளில் ஏறியும், வழுக்குப் பாறைகளில் இறங்கியும், குளிர்நீர் ஓடைகளைக் கடந்தும் ஓடவேண்டும். களைத்த மரை ஓடையிலே நின்று நாய்களை எதிர்க்கும். அங்கே துவக்கின்றி ஒரு கத்தியோடு நீரில் இறங்கி அதனை முடிப்பதே அவர் முறை. நெஞ்சு வெடிக்கும்படியான அந்த ஓட்டத்தை எவரும் எள்ளி நகையாட முடியாது. ஹோட்டன் சமவெளியிலுள்ள ஓர் அருவி இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது.

ஆயினும் அவர் எழுதிய வேட்டை நூலைப் படிக்கும்போது ஒரு குறை நெஞ்சைத் தைக்கின்றது. அவருடைய நாய்களின் பெயர்கள் அங்கே உள்ளன. ஸ்மட் என்றும், கில்பக் என்றும், பிரான் என்றும் ஒவ்வொரு நாயின் குணமும் வீரமும் அன்போடு விரிக்கப்படுகின்றன. ஆனால் அவருக்குச் சுவடு காட்டியவர்கள், சுமை தூக்கியவர்கள், பாதை வெட்டியவர்கள் ஆகியோரிற் பெரும்பாலாரின் பெயர்கள் அங்கே இல்லை. தெனன்றின் நூலும் பணிக்கரின் திறமையைப் பாராட்டுகின்றது. அவர்களை ஒரு கூட்டமாகவே காட்டுகின்றது. துவக்குப் பிடித்தவன் கையிலே பேனாவும் இருந்தது. கயிறு பிடித்தவன் கையிலே அஃது இருக்கவில்லை. வரலாறு பேனாவின் பக்கமே சாய்ந்துவிட்டது.

பேக்கரின் கதை இலங்கையோடு முடியவில்லை. 1861 இல் அவர் தம் துணைவி புளோரன்சோடு ஆபிரிக்காவுக்குச் சென்று, நீல நதியின் கிளைகளை ஆராய்ந்தார். 1864 இல் அல்பேட் என்று தாம் பெயரிட்ட பேரேரியைக் கண்டார். அபிசீனிய மலைகளிலிருந்து இறங்கும் அற்பரா, செற்றித் முதலிய ஆறுகளின் கரையிலே ஹம்ரான் என்னும் அராபியக் குலத்தாரின் யானை வேட்டையை அவர் நேரிற் பார்த்தார். அவர்கள் கையிலிருந்தது நீண்ட வாள். குதிரையேறிய ஒருவன் யானையின் முன்னே போக்குக்காட்டி அதனைத் தன்பின்னே ஓடச்செய்ய, மற்றொருவன் பின்னே பாய்ந்துவந்து குதிரையிலிருந்து குதித்துப் பின்னங்காலின் நரம்பை ஒரே வெட்டில் அறுப்பான். குதிரையில்லாத ஏழைகள் நடந்தே சென்று, நண்பகலில் யானை இளைப்பாறும் வேளை பார்த்துத் தவழ்ந்து அணுகுவர். எத்தனையோ துவக்குகளைக் கையாண்ட பேக்கர், அவர்களின் துணிவைத் தம் நூலில் மனமாரப் போற்றினார்.

பாருங்கள், நேயர்களே! கடல்கள் கடந்த இரு நிலங்கள்; மொழியாலும் வாழ்வாலும் தொடர்பில்லாத இரு கூட்டத்தார். ஒருவன் முன்னே நிற்றல், மற்றவன் பின்னே செல்லுதல், நண்பகல் இளைப்பாறும் நேரத்தைத் தேர்தல், பின்னங்காலை நாடுதல் ஆகிய யாவும் ஒன்றே. யானையைக் கூர்ந்து கற்ற இரு மாணாக்கர் ஒரே விடையை எழுதினர் எனலாம். ஆனால் கடைசி வரியிலே வேறுபட்டனர். அங்கே தந்தத்தின் பொருட்டு நரம்பு அறுக்கப்பட்டது. இங்கே தோளுயரத்தின் பொருட்டுச் சுருக்கு மாட்டப்பட்டது.

முயலையும் யானையையும் ஒப்பிட்டு வள்ளுவர் படைச்செருக்கு அதிகாரத்திலே பேசியது உங்களுக்கு நினைவிருக்கும். பெரிய இலக்கை நோக்கும் ஊக்கமே மதிக்கத்தக்கது என்பது நம் முன்னோர் கொள்கை. யானையை எதிர்த்தல் என்பதே தமிழில் வீரத்துக்கு அளவுகோலாக இருந்துவந்தது. அந்த அளவுகோலைக் கையிலெடுத்தால், நூறு கசத் தொலைவில் மரத்தின் மறைவிலே நின்று குதிரையை இழுத்தவனுக்கும், கைக்கெட்டும் தூரத்திலே கயிற்றோடு தவழ்ந்தவனுக்கும் உள்ள வேற்றுமை தெளிவாகும். இங்கே குதிரை என்றது துவக்கின் விசையை.

இதனால் பழைய வேட்டை கருணையுள்ளது என்று நான் வாதிக்க வரவில்லை. கூட்டத்தோடு வாழும் உயிரைப் பிரித்துத் தளையிட்டுக் கடல் கடத்துதல் கொடுமையே. கட்டுண்டபோதும் வழியிலும் மரக்கலத்திலும் மாண்ட யானைகள் பல. பணத்தின் பொருட்டே அது நடந்தது. ஆனால் அந்தத் தொழிலுக்கு ஓர் இயற்கையான எல்லை இருந்தது. இருவர் சேர்ந்து ஒரு யானையைப் பிடித்துப் பழக்கிக் கரைசேர்க்க மாதங்கள் ஆகும். அவர்களின் உடலுழைப்பே காட்டுக்கு ஒரு வேலியாயிருந்தது. துவக்கு அந்த வேலியைத் தகர்த்தது. அதன்மேல், பயிரை அழிக்கும் விலங்கு என்று சொல்லி, கொன்ற யானைக்குத் தலைக்கு இவ்வளவு என்று அரசாங்கமே சன்மானம் கொடுத்தது. வடமாகாணத்தின் ஒரு பகுதியிலே மாத்திரம், 1848 க்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில் 3,500 க்கு மேற்பட்ட யானைகள் கொல்லப்பட்டன என்பது தெனன்ற் தரும் கணக்கு. உயிரோடு இருந்தாற் செல்வம் என்ற நிலை மாறி, இறந்தாற் சன்மானம் என்ற நிலை நம் வன்னியிலேயே வந்தது.

1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், 1949 இல் அமைந்த வனசீவராசிகள் திணைக்களமும் இந்த அழிவுக்கு அணையிட முயன்றன. பணிக்கரின் தொழிலும் மறைந்தது. தொழில் மறைந்ததற்கு நாம் வருந்தவேண்டியதில்லை. அதனோடு அவர்களின் அறிவும் மறைந்ததற்கே வருந்தவேண்டும். அந்த அறிவு ஏட்டில் எழுதப்படாதது. தந்தையின் காலடியைப் பார்த்து மகன் நடந்து கற்றது. 1990 ஒக்டோபரிலே வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டபோது, மன்னார்ப் பகுதியின் பழைய ஊர்களிலே முதியோரிடம் எஞ்சியிருந்த நினைவுகளும் அவர்களோடு புத்தளத்து அகதி முகாம்களுக்குப் போயின. காட்டோடு பழகிய ஒரு சமூகத்தை இழந்த நிலம், தன் ஞாபகத்தின் ஒரு பகுதியையும் இழந்துவிடுகின்றது.

இந்த அறிவு இன்று எதற்கு என்று சிலர் வினவலாம். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் மன்னாரிலும் இரவுதோறும் கமக்காரர் யானைக்கு அஞ்சிக் கண்விழிக்கின்றனர். வாழையும் நெல்லும் தென்னம்பிள்ளையும் ஓரிரவில் அழிந்துவிடும். மனித உயிரும் போகும். மறுபுறத்திலே யானைகளும் மடிகின்றன. 2019, 2022, 2023 ஆகிய ஆண்டுகளிலே, ஒவ்வோராண்டிலும் நாடு முழுவதும் இறந்த யானைகள் நானூறுக்கு மேல். துவக்குச் சூடு, சட்டவிரோத மின்கம்பி, உணவுக்குள் ஒளித்துவைத்து வாயைச் சிதைக்கும் ஹக்கபட்டாஸ் என்னும் வெடி ஆகியவை அவற்றின் எமன்கள். 2025 பெப்ரவரியிலே ஹபரணைக்கு அருகில் புகையிரதம் மோதி ஒரே வேளையில் ஆறு யானைகள் மாண்டன. யானையைக் கொல்ல இன்று ஒரு மைல்கூட நடக்கவேண்டியதில்லை. ஒரு பூசணிக்காய் போதும்.

ஆய்வாளர் இன்று கூறுவதைக் கேளுங்கள். இந்நாட்டு யானைகளிற் பெரும்பகுதி வனப் பூங்காக்களுக்கு வெளியேதான் வாழ்கின்றது. காட்டோரத்தில் மின்வேலியிட்டு யானையை உள்ளே அடைத்துவிடலாம் என்ற எண்ணம் பல இடங்களிலே பயன்தரவில்லை. வேலியின் இருபுறமும் யானை இருப்பதே காரணம். ஆகவே ஊரைச் சுற்றியும், விளைச்சற் காலத்திலே வயலைச் சுற்றியும் வேலியிட்டு, அறுவடை முடிந்ததும் வயல்வேலியை அகற்றி, அரிதாளை மேய யானைக்கு வழிவிடுவதே நன்று என்கின்றனர். எந்தக் குளத்துக்கு எந்தப் பருவத்தில் யானை வரும், எந்தப் பாதையாற் போகும், எங்கே நின்று இளைப்பாறும் என்று அறிந்தாலன்றி இத்தகைய வேலியைத் திட்டமிட இயலாது. அன்று பணிக்கன் சேற்றில் வாசித்த பாடம் இதுவே. அவன் பிடிப்பதற்காகக் கற்றான். நாம் விலகியிருந்து வாழ்வதற்காகக் கற்கவேண்டும்.

எனவே இளைஞர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்று. உடலை வருத்திக் காட்டிலே ஒரு முழுநாள் நடக்கும் ஆர்வம் நல்லது; வீரத்தை விரும்பும் உள்ளமும் நல்லது. அந்த ஆர்வத்துக்கு இன்றும் வன்னியிலே வேலை உண்டு. யானைத்தடங்களைப் பார்த்துக் குறிப்பெடுங்கள். முன்காற் சுவட்டை அளந்து பழகுங்கள். காவற்பரணிலே கண்விழிக்கும் கமக்காரரோடு ஓரிரவு இருந்து, அவர் அறிந்தவற்றைக் கேட்டு எழுதுங்கள். மீள வந்து குடியேறியிருக்கும் முஸ்லிம் ஊர்களின் முதியோரிடம் பணிக்கர் கதைகள் எஞ்சியிருப்பின், அவர்கள் பெயரோடு எழுதிவையுங்கள். பெயரின்றி மறைந்த அந்தச் சுவடறிந்தோர்க்கு நாம் செய்யக்கூடிய கைம்மாறு அதுவே.

ஆனையிறவு என்பது ஒரு சமூகத்தின் கால்வலியும், ஓர் உயிரினத்தின் கட்டுண்ட கண்ணீரும் சேர்ந்து இட்ட பெயர். அந்தப் பெயரிலுள்ள ஆனை, பெயரளவில் மட்டும் எஞ்சிவிடாமல் வன்னிக் காட்டில் உயிரோடும் இருக்கவேண்டும். அதன் அருகிலே நம் கமக்காரனும் அச்சமின்றி உறங்கவேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே நிறைவேற்றும் பொறுமையே நம் காலத்துக்குரிய வீரம்.